எதிர்பார்ப்புக் கோப்புகள் சிவப்பானால் என்ன செய்வது?

உவர்மலையில் ஒரு வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ஒரு தங்கச்சி என்னிடம் கேட்ட கேள்வி இது: "அண்ணா, எங்கள் குழுவில் நாலு பேர். பில், மாத அறிக்கை எல்லாவற்றுக்கும் வரவேண்டிய வெளியீட்டைக் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறோம். சோதனை ஓடும்போது புது வெளியீட்டை அதோடு ஒப்பிடும். இப்போது அந்தக் கோப்புகள் 300ஐத் தாண்டிவிட்டன. ஒரு தலைப்பை மாற்றினாலே 60, 70 சோதனை சிவப்பாகிவிடுகிறது, அதாவது தோற்கிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. அப்டேட் கொடுத்து, பழைய கோப்பின் மேல் புது வெளியீட்டை எழுதிப் பச்சையாக்கிவிட்டுப் போகிறோம். இதை வைத்திருப்பதில் பலன் உண்டா, இல்லை தூக்கிவிடலாமா?"

அன்று நின்றபடியே ஏதோ பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

தூக்கவேண்டாம், தங்கச்சி. ஆனால் இப்போது நீங்கள் செய்வதற்குச் சோதனை என்று பெயர் சொல்ல முடியாது. மீன் வாடியில் தராசைச் சரிபார்க்க ஓர் எடைக்கல் வைத்திருப்பார்கள். தராசு கல்லோடு ஒத்துவரவில்லை என்றால் தராசைத்தான் பார்ப்பார்கள். பார்க்காமல் அப்டேட் கொடுப்பது, தராசு காட்டுவதற்கு ஏற்றபடி கல்லைச் செதுக்குவது போன்றது. ஒவ்வொரு முறையும் கணக்கு ஒத்துவரும், எடை மட்டும் என்னவென்று யாருக்கும் தெரியாது.

இந்தக் கோப்புக்கு ஊருக்கு ஊர் பெயர் வேறு. கோ என்ற நிரல்மொழிக்காரர் கோல்டன் ஃபைல் என்பார்கள், ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியைப் பாவிப்பவர்கள் ஸ்னாப்ஷாட் என்பார்கள், வேறு சிலருக்கு அது அப்ரூவல். நான் பேஸ்லைன் என்றே சொல்கிறேன். பெயர் எதுவானாலும் அதன் மதிப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது: இந்த வெளியீட்டை ஒரு மனிதர் வாசித்து, சரி என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். வாசிப்பு நடக்கவில்லை என்றால், நேற்று நிரல் என்ன துப்பியதோ அதன் நகல் மட்டும்தான் கையில் மிஞ்சும். ஆகவே இனி நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே நோக்கத்துக்கு: வித்தியாசம் வரும்போது அதை ஒருவர் இரண்டு நிமிடத்தில் வாசித்து முடிக்கக்கூடியதாக வைத்திருப்பது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் மீன் கொள்முதல் செய்யும் ஓரிடத்துக்கு ஒரு பில் நிரல் செய்து கொடுத்தோம். வள்ளம் கரைக்கு வந்ததும் மீன் வகை, கிலோ, விலை போட்டு, ஐஸ் செலவைக் கழித்து, தேறிய தொகையை அச்சிடும். ஒரு நாள் அச்சுத்தாளின் அகலம் மாறியது. நெடுவரிசைகளை நெருக்கினோம். அதே கமிட்டில் (ஒரே தடவையில் பதியும் மாற்றத் தொகுப்பில்), கையோடு கையாக, ஐஸ் கழிவைக் கணக்கிடும் பகுதியையும் வேறு கோப்புக்கு நகர்த்தினோம். 47 பேஸ்லைன் சிவப்பு. முதல் நாலைந்தைத் திறந்து பார்த்தேன், எல்லாம் இடைவெளி மாற்றம்தான். சரி என்று மொத்தமாக அப்டேட் கொடுத்தேன்.

அந்த 47இல் மூன்றில் தொகையும் மாறியிருந்தது. ஒன்றை இப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன்: பாரையும் இன்னொரு வகையும் சேர்த்து 42.5 கிலோ, இரண்டும் கிலோ 900 ரூபா, மொத்தம் 38,250. ஐஸ் 1,200. தேறிய தொகை 37,050 என்று இருக்கவேண்டிய இடத்தில் 35,850. ஒரே பில்லில் இரண்டு மீன் வகை வந்தால் ஐஸ் இரண்டு தரம் கழிக்கப்பட்டது. பழைய கோப்பில் 37,050 என்று சரியாகத்தான் இருந்தது. சோதனை தன் வேலையைச் செய்து, என் கண்முன்னே அந்த வரியைச் சிவப்பில் காட்டியது. இடைவெளி மாறிய நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அது கிடந்ததால் நான் பார்க்கவில்லை. கொப்பியில் கையால் கணக்கு எழுதும் ஒரு வள்ளக்காரர், வார முடிவில் 1,200 குறைகிறது என்று வந்து நின்றபோதுதான் தெரிந்தது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆனால் கணக்கு எழுதாத ஒருவர் வந்து கேட்டிருக்க மாட்டார் என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். தோற்ற மாற்றமும் நடத்தை மாற்றமும் ஒரே கமிட்டில் வரக்கூடாது. நெடுவரிசை அகலம் மாறினால் அது தனிக் கமிட். அதில், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவி தரும் டிஃபை (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசப் பட்டியலை) இடைவெளியைப் புறக்கணிக்கச் சொல்லிப் பார்த்தால் ஒன்றுமே மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் நிறுத்தவேண்டும். அப்புறம் கணக்கு மாற்றம் தனிக் கமிட்டாக வரும். அதில் மூன்று கோப்பு மட்டும் மாறும், மூன்றையும் வாசிக்கலாம். இந்த ஒன்றை மட்டும் நாளைக்கே தொடங்கினால்கூட உங்கள் பாரம் பாதி குறையும்.

அதைவிடப் பெரிய திருத்தம் ஒன்று உண்டு, அதற்குக் கொஞ்சம் நாள் எடுக்கும். 300 கோப்பும் முழு பில்லாக அச்சடித்த வடிவில் இருக்கிறதா? அப்படியானால் ஒவ்வொன்றிலும் ஒரே தலைப்பு, ஒரே முகவரி, ஒரே அடிக்குறிப்பு 300 தரம் இருக்கும். தலைப்பில் ஓர் எழுத்து மாறினால் 300ம் சிவப்பாவதில் என்ன ஆச்சரியம்? கணக்கைத் தனியாகப் பிரியுங்கள். கணக்குச் சோதனையின் பேஸ்லைனில் தரவு மட்டும் போதும்: மீன் வகை, எடை, மொத்தம், கழிவு, தேறியது, ஒரு வரிக்கு ஒரு விஷயம். அச்சு வடிவத்துக்கு இரண்டு மூன்று கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன பில், இரண்டாம் பக்கத்துக்குப் போகும் ஒரு பெரிய பில், நீளமான தமிழ்ப் பெயர் உள்ள ஒரு பில். ஜேசன் என்ற தரவு வடிவில் வைப்பதென்றால் சாவிகளை (தரவின் பெயர்களை) அகர வரிசைப்படுத்தி, வரி வரியாக உடைத்துச் சேமியுங்கள். ஒரே நீள வரியாகக் கிடக்கும் ஜேசனில் எது மாறியது என்று யார் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. கோப்பை வைக்காமல் அதன் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்கக் குறியை) மட்டும் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது மாறிவிட்டது என்று மட்டும் சொல்லும், என்ன மாறியது என்று சொல்லாது. அதனால் வாசிக்கவே வழியில்லை.

இனி இரைச்சல். ஒன்றும் மாறாமலே சிவப்பு வருகிறதே, அதுதான் மக்களை அப்டேட் பொத்தானுக்குப் பழக்கப்படுத்துகிறது. நேரம், தற்செயல் எண், தரவுத்தளம் திருப்பித் தரும் வரிசை, விண்டோஸிலும் லினக்ஸிலும் வேறுபடும் வரி முடிவு: இவை எல்லோருக்கும் தெரிந்தவை. வரி முடிவை கிட்டின் அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரே வரியில் தீர்க்கலாம். வரிசைக்கு, தரவுத்தளத்துக்கு அனுப்பும் கேள்வியிலேயே வரிசைப்படுத்தச் சொல்லவேண்டும். கோ மொழியில் மேப் என்ற பெயர்-மதிப்புத் தொகுப்பைச் சுற்றிவரும் வரிசை வேண்டுமென்றே தாறுமாறாக வைக்கப்பட்டது, அதை நம்பி எழுதிய வெளியீடு ஒரு நாளும் நிலையாக இராது.

ஆனால் தமிழில் வேலை செய்யும் நமக்கென்று ஓர் இரைச்சல் இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் பில் ஒவ்வொன்றிலும் 'திருகோணமலை' என்று இருக்கும். ஒரு நாள் எல்லாக் கோப்பும் சிவப்பு. டிஃபில் கழித்தல் வரியிலும் திருகோணமலை, கூட்டல் வரியிலும் திருகோணமலை. கண்ணுக்கு ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. கடைசியில் பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தோம். 'கோ' என்ற எழுத்தை, எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரண்டு குறியீடாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். யாரோ வேறு விசைப்பலகையில் ஊர்ப்பெயரைத் திரும்பத் தட்டியிருந்தார்கள். கொட்டியாரம், கோணேசபுரி என்று நம் பக்கத்துப் பெயர்களில் ஒகரமும் ஓகாரமும் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மருந்து உண்டு. யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். ஆனால் அதை எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். ஒப்பிடும் இடத்தில் மட்டும் போட்டால் சோதனை பச்சையாகும், பாவனையாளரின் தேடல் பெட்டியில் கோளாறு அப்படியே இருக்கும்: ஒரு விதமாகத் தட்டிய பெயர், மற்ற விதமாகத் தேடினால் கிடைக்காது. ஆகவே உள்ளீடு நிரலுக்குள் நுழையும் வாசலிலேயே இயல்பாக்குங்கள். அப்போது பேஸ்லைன் தானாக அமைதியாகும். ஒரு சோதனையை மட்டும், வேண்டுமென்றே பிரித்துத் தட்டிய 'திருகோணமலை'யை உள்ளே கொடுத்து, வெளியே சேர்த்த வடிவம் வருகிறதா என்று பார்க்க வைத்திருங்கள்.

'ஸ்ரீ' இன்னும் கடினம். அதை 'ஸ'வை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். என்எஃப்சி இதைத் தொடாது, ஏனென்றால் யூனிகோடின் கணக்கில் அவை வேறு வேறு எழுத்துகள். அதற்கு நீங்களே ஒரு மாற்று விதி எழுதவேண்டும். யூனிகோடில் இல்லாத பாமினி எழுத்துருவில் இருந்த பழைய பெயர்ப் பட்டியல்களை மாற்றிக் கொண்டுவந்திருந்தால் இந்த இரண்டையும் முதலில் தேடிப் பாருங்கள். அத்தோடு, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் குறியீட்டு எண்ணாகக் காட்டும் ஒரு சின்னக் கருவியை உங்கள் சோதனையின் பிழைச் செய்தியோடு சேர்த்துவிடுங்கள். எங்களுக்கு அது அரைநாள் வேலை, அதற்குப் பிறகு எத்தனையோ நாளை மிச்சப்படுத்தியது.

இந்த வகைக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஜாவா நிரல்மொழியின் 20ஆம் பதிப்பிலிருந்து, அமெரிக்க ஆங்கில அமைப்பில் நேரத்தை அச்சிடும்போது மணிக்கும் அதைத் தொடர்ந்து வரும் ஏஎம், பிஎம்முக்கும் நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதில் ஒடுங்கிய, உடையாத இடைவெளி வந்தது. சிஎல்டிஆர் என்ற மொழித் தரவின் 42ஆம் பதிப்பு கொண்டுவந்த மாற்றம் அது. ஜாவா 17இலிருந்து 21க்கு மாறிய அன்று, நிரலில் ஒரு வரியும் தொடாமலே எங்கள் நேர அறிக்கைகள் சிவப்பாகின. அது பொய்ச் சிவப்பு என்று நான் சொல்லமாட்டேன். வெளியீடு உண்மையிலேயே மாறியது. அதை வாசிக்கும் வேறொரு நிரல் பழைய இடைவெளியை எதிர்பார்த்திருந்தால் அங்கே உடைந்திருக்கும். எனவே மொழிப் பதிப்பையோ நூலகத்தையோ உயர்த்துவதும் தனிக் கமிட்டாகவே வரட்டும்.

நேரத்தை எப்படி அடக்குவது என்று நீங்கள் கேட்பீர்கள். பலர் செய்வது, வெளியீட்டில் திகதி போல் இருக்கும் எல்லாவற்றையும் அழித்து 'திகதி' என்று போட்டுவிடுவது. வேண்டாம். நாளும் மாதமும் இடம் மாறி அச்சானாலும் அந்தச் சோதனை பச்சையாகவே இருக்கும். முடிந்த இடமெல்லாம், நிரல் தானே இயந்திரத்திடம் நேரம் கேட்காதபடி, கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுங்கள். சோதனையில் அது எப்போதும் ஒரே கணத்தைக் காட்டட்டும். அப்போது பில்லில் வரும் திகதியும் ஒப்பீட்டுக்குள் வரும். உங்கள் கைக்கு எட்டாத இடத்திலிருந்து வரும் தற்செயல் எண்களை மட்டும் மறையுங்கள். அதையும் எண்-1, எண்-2 என்று தோன்றிய வரிசையில் பெயரிட்டு மறையுங்கள். முதல் வரியில் வந்த அதே எண்தான் ஏழாம் வரியிலும் வருகிறது என்ற உறவு அப்போது அழியாது.

நேரம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கை நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்துக்கு (யுடிசி) ஐந்தரை மணி முன்னால் என்று எண்ணி, ஐந்தரையை நேரடியாக நிரலில் எழுதிவிடுகிறார்கள். 1996 மே மாதம் அது ஆறரை ஆக்கப்பட்டது, அதே வருடம் ஒக்டோபரில் ஆறு ஆனது, 2006 ஏப்ரல் 15இல்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. புது நேரமா பழைய நேரமா என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள், உங்களுக்கு அது தெரிய நியாயமில்லை. சேமிப்புக் கணக்கு, ஓய்வூதியம், பழைய பதிவேடு எதையாவது தொடும் நிரல் என்றால், 2006 ஏப்ரல் 14இல் ஒரு பதிவும் 16இல் ஒரு பதிவும் வைத்து ஒரு பேஸ்லைன் செய்யுங்கள். இயந்திரத்தின் நேர வலயத்தை நம்பாமல், கொழும்பு வலயம் என்று சோதனையிலேயே குறிப்பிடுங்கள்.

சரி, வெவ்வேறு இயந்திரத்தில் வெளியீடு நியாயமாகவே வேறுபட்டால்? போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் சோதனைத் தொகுதி இதற்கு ஒரு நல்ல பாடம். அங்கே எதிர்பார்ப்புக் கோப்புகள் ஒரு கோப்புறையில், ஓட்டும்போது வந்த முடிவுகள் வேறொரு கோப்புறையில். ஒரே சோதனைக்குப் பெயரின் கடைசியில் எண் போட்டு மாற்று எதிர்பார்ப்புகள் வைக்கலாம், ஏதாவதொன்றோடு பொருந்தினால் போதும். வசதிதான், ஆனால் ஒவ்வொரு மாற்றுக் கோப்பும் வாசிக்கவேண்டிய இன்னொரு கோப்பு. நம்மைப் போன்ற சின்னக் குழுவுக்கு, எல்லோரும் ஒரே கொள்கலனுக்குள் (எந்த இயந்திரத்திலும் ஒரே சூழலைத் தரும் பொதிக்குள்) சோதனையை ஓட்டுவது மலிவு. ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒப்பிடும் சோதனைக்கு இது கட்டாயம். எழுத்துரு வரையும் விதம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

அப்டேட் கொடுக்கும் விதத்துக்கு வருவோம். அந்தக் கட்டளை இருக்கட்டும், 70 கோப்பைக் கையால் திருத்தச் சொல்லி யாரையும் வதைக்கத் தேவையில்லை. ஆனால் அது மடிக்கணினியில் மட்டும் ஓடட்டும், எல்லோருடைய மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் பொதுச் சேவையகத்தில் ஒருபோதும் வேண்டாம். ஜெஸ்டில் ஒரு பொறி இருக்கிறது: ஸ்னாப்ஷாட் இல்லாத புதுச் சோதனையை ஓட்டினால், அது தானே ஒன்றை எழுதிவிட்டுப் பச்சை காட்டும். சேவையகத்தில் அதற்குரிய 'சிஐ' தெரிவைப் போட்டால் அப்படி எழுதாது. கட்டாயம் போடுங்கள். அப்டேட் ஓடி முடிந்ததும், கிட்டில் துண்டு துண்டாகச் சேர்க்கும் முறையில் ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்து ஆம், இல்லை சொல்லிச் சேருங்கள். கமிட் செய்தியில் ஏன் மாறியது என்று ஒரு வாக்கியம் இருக்கவேண்டும். 'பேஸ்லைன் புதுப்பிக்கப்பட்டது' என்பது காரணம் ஆகாது. 'இரண்டு மீன் வகை இருந்தால் ஐஸ் ஒருமுறைதான் கழியும், ஆகவே இந்த மூன்று பில்லிலும் தேறிய தொகை 1,200 கூடும்' என்பது காரணம். அப்படி எழுத முடியவில்லை என்றால் அந்த மாற்றம் உங்களுக்கே விளங்கவில்லை என்று அர்த்தம், அன்று அதைப் பொது நிரலோடு இணைக்க (மெர்ஜ்) வேண்டாம். மீளாய்வு செய்பவர் நிரலுக்கு முன் பேஸ்லைன் டிஃபை வாசிக்கட்டும். எங்கள் குழுவில் அதுதான் வழக்கம், நிரலை வாசித்த பிறகு பார்த்தால் மனம் ஏற்கெனவே சம்மதித்திருக்கும்.

நிரலின் இரண்டு கிளைகள் (தனித்தனியே மாற்றப்படும் பிரதிகள்) ஒரே பேஸ்லைனைத் தொட்டு முரண்பட்டால், கோப்பைக் கையால் ஒட்டவேண்டாம். நிரலை முதலில் இணைத்து, பேஸ்லைனை மீண்டும் உருவாக்கி, பிறகு டிஃபை வாசியுங்கள். சோதனையை அழித்தபின் அநாதையாகக் கிடக்கும் கோப்புகளையும் கவனியுங்கள். எந்தச் சோதனையும் வாசிக்காத கோப்பு இருந்தால் தொகுதியே தோற்கும்படி வைப்பது நல்லது.

கடைசியாக ஒன்று, இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நிரல் தந்ததைப் பதிந்த பேஸ்லைன் 'மாறவில்லை' என்று மட்டும்தான் சொல்லும், 'சரி' என்று சொல்லாது. பதிந்த அன்றே பிழை இருந்திருந்தால், அந்தப் பிழையைத்தான் அது காத்துக்கொண்டிருக்கும். ஆகவே சில கோப்புகள் நிரலைத் தொடாமல் கையால் கணக்கிட்டவையாக இருக்கவேண்டும். நாங்கள் அவற்றைத் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறோம், அப்டேட் கட்டளை அங்கே எட்டாது. கரைவலைப் பங்கு பிரிக்கும்போது மீதி சதம் யாருக்குப் போகிறது என்ற பில் அதில் இருக்கிறது. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து, இரண்டு கிலோ மீனோடு வந்து, ஐஸ் செலவு வருமானத்தைவிடக் கூடி, தேறிய தொகை மைனஸில் போன ஒரு வள்ளத்தின் பில்லும் இருக்கிறது. கோப்பின் பெயரே கதையைச் சொல்லும்: 'வாடை-காலம்-கழிவு-கூட'. பில்-217 என்று பெயர் வைத்தால் அது சிவப்பாகும்போது எதைக் காத்து நிற்கிறது என்று யாருக்கும் நினைவு வராது.

உங்கள் 300இல் இப்படிக் கையால் பார்த்தது ஒன்றுமே இல்லை என்று ஊகிக்கிறேன். பத்தைத் தேர்ந்தெடுங்கள். காசு புழங்கும் பத்து. மூலச் சிட்டையையும் ஒரு கல்குலேட்டரையும் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபாருங்கள், சந்தேகம் வந்தால் அந்தக் கணக்கைத் தினமும் எழுதுபவரிடமே கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு அந்தப் பத்தையும் அச்செடுத்துக் கொண்டுவந்தால் நானும் கூட உட்காருகிறேன்.